அறுபத்தொன்று: பொக்கு

மார்கழிப் பனி விலகாத எட்டு மணிக்கு
டேப்பும் வெள்ளைப் பெயிண்டுமாய்
நாகலூர் எஸ்டேட்டில் இறங்கினேன்.
செவ்வாய்ப்பேட்டை மர மில்லுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு சில்வர் ஓக் வேண்டும்.
மாம்பழப் பெட்டி அடிக்க லேசான பலகை;
ஆணி, சொன்ன பேச்சு கேட்டு இறங்கும்.

நெஞ்சுயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும்
என்பது விதி.
யார் நெஞ்சு என்று விதியில் இல்லை.
நாலரை அடி என்று வைத்துக்கொண்டேன்.
மிளகுக் குத்தகைக்காரி தீர்த்தாயிக்கு
அது மூக்கு நுனி.

மரம் எஸ்டேட்டுடையது.
அதில் ஏறியிருக்கும் கொடி
பங்குனி முடியும்வரை அவளுடையது.
கொடிக்கு மேலே டேப்பைச் சுற்றினால்
மரம் பொய்யாய்ப் பருக்கிறது.
அடியில் நுழைத்தால்
பட்டையைக் கவ்விய வேர்கள்
பொடுபொடுவென்று விட்டுப்போகின்றன.
"பிடி விட்டா காய் உதிரும், பாத்து"
என்றவள்
தானே விரலை உள்ளே விட்டு
டேப் முனையை வாங்கி
மறுபக்கம் நீட்டினாள்.

மூன்றடி எட்டு, என்றேன்.
"நாலு கிலோ" என்றாள்.
நாலடி இரண்டு.
"ஆறு கிலோ. போன வருசம் ஏழு."
இப்படியே போயிற்று,
ஒரே மரத்துக்கு இரண்டு கணக்கு.

கப்பலேறி வந்த மரம்.
கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு மழைக்காடு.
காப்பிக்குக் குடை பிடிக்க
இங்கே கூட்டிவந்தார்கள்.
இலை, பெரணியை விரித்தது மாதிரி:
மேலே பச்சை, காற்று புரட்டினால் வெள்ளி.
மழைக்குச் சற்று முன்
மலைச்சரிவு முழுக்க ஒருதரம் நரைத்துக் கறுக்கும்.
கிளையைத்தான் நம்பக்கூடாது,
ஐப்பசிக் காற்றில் முறுக்காய் ஒடியும்.
அதற்காக அவள் வைகாசியிலேயே
பக்கக் கிளைகளைக் கழித்துவிடுகிறாள்.
நிழல் கூடினால் காப்பியில் கறுப்பழுகல்,
குறைந்தால் தண்டுத் துளைப்பான்.
பாதி வெயில் என்பது
அரிவாளால் அளப்பது.

அறுபத்தொன்றில் நின்றோம்.
கொடி, உச்சிவரை கம்பளி போர்த்தியிருந்தது.
அவள் கிலோ சொல்லவில்லை.
நான் பேனாவின் பின்புறத்தால் தட்டினேன்.
கெட்டியான சத்தம். நல்ல மரம்.
இன்னொரு தரம் தட்டினேன்.
அவள் எங்கோ குளவியைப் பார்ப்பதுபோல் நின்றாள்.
நோட்டில் எழுதினேன்:
61. உள்ளே பொக்கு. தள்ளுபடி.
பெயிண்ட் வைக்கவில்லை.

வெட்டு, சித்திரையில் நடந்தது.
அப்போது பூத்திருந்தன எல்லாம்,
ஆரஞ்சு நிறத்தில் பல்துலக்கும் பிரஷ்கள்.
விழுந்த மரத்திலும் தேன் சொட்ட
விழுந்தது தெரியாமல்
தேனீக்கள் இரண்டு நாள் வந்தன.
லாரி லாரியாய் மலையிறங்கி
செவ்வாய்ப்பேட்டையில் ரம்பம் பாட
என் மணிக்கட்டிலும் கழுத்திலும்
மரத்தூள் பட்ட இடமெல்லாம் தடித்து அரித்தது.
இந்த மரத்துக்கு அந்தக் குணமும் உண்டு.
மருந்துக்கடையில் ஏழு நாள் களிம்பு.

"அதென்ன ஒண்ணு குறையுது?" என்றார் முதலாளி.
"பொக்குங்க."
"தட்டிப் பாத்தியா?"
"ரெண்டு தரம்."
அதுவரை சொன்னதெல்லாம் உண்மைதான்,
ஒரு சொல் நீங்கலாக.

ஆனியில் பாக்கிப் பணம் வாங்க மலையேறினேன்.
வெட்டின இடம் கண் கூசியது.
காப்பிச் செடிகள்
வெயிலில் உட்காரவைத்த பிள்ளைகளாய் வாடியிருந்தன.
அறுபத்தொன்றின் கீழே
பழைய வேட்டியொன்றை விரித்துக்கொண்டு
தீர்த்தாயி மேலே பார்த்தபடி நின்றாள்.
காய் கறுத்திருந்தது.
வெடித்தால் போயிற்று;
ஒரு காய்க்கு இரண்டு விதை,
சுற்றிலும் காகித இறக்கை.
வைத்திருந்தால் முளைப்பு குறையும்,
கையோடு மணலில் போடவேண்டும்,
நாலு இலை வந்தால் பிளாஸ்டிக் பைக்கு.
நட்டால் ஏழாம் வருசம் கொடி தாங்கும்.
எஸ்டேட்காரர் பைக்கு இவ்வளவென்று
பேசியிருக்கிறாராம்.

"சும்மாதான நிக்கிற,
அந்த முனையப் பிடி."

பிடித்தேன்.
மேலே ஒரு பையன் கிளையை உலுக்கினான்.
பாதி வேட்டியில் விழுந்தது.
மீதி
குப்பனூர் இறக்கத்தில் போயிற்று.